ஒட்டுப்பால்

சேவல் கூவுமுன் மூன்று முறை.
பேதுருவுக்கு அது பெரிய கணக்கு.
எனக்குச் சேவல் கூவும்போது, ஆண்டவரே,
நூற்றிருபதாவது மரம்.
அதற்குள் எத்தனை என்று நீரே எண்ணிக்கொள்ளும்.

நெற்றியில் விளக்கு கட்டி,
அருமனைக்கு மேற்கே
லில்லிபாய் டீச்சர் விளையில்
பதினோரு வருஷமாய்ப் பால்வெட்டு.
கத்தி போன வழியே வெள்ளை இறங்கும், சிரட்டையில் சொட்டும்.
அதைத் திருட முடியாது. ஷீட்டுக்குக் கணக்கு உண்டு.
வெட்டில் காய்ந்து வாலாய்த் தொங்குவது,
சிரட்டையின் அடியில் உறைந்தது,
மண்ணில் சிந்தி உருண்டது,
ஒட்டுப்பால். நாற்றம் பிடித்த சரக்கு.
அதைத்தான் எடுத்தேன்.
முதலில் கைலி மடிப்பில். பிறகு உரச்சாக்கில்.

பனச்சமூட்டில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நாம்,
அந்தப் பக்கம் கேரளம்.
லாட்டரிக் கடை அந்தப் பக்கம்.
ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில்
சட்டைப் பையில் சீட்டோடு பாட்டுக்கு எழும்பி நின்றேன்.
திருவிருந்து நாட்களில் மட்டும்
பாதியில் வெளியே வந்து
புளிமூட்டில் நிற்பேன்,
ஆட்கள் வாய் துடைத்துக்கொண்டு இறங்கும்வரை.

பொருத்தனை பண்ணாமல் இல்லை.
கன்வென்ஷன் பந்தலில் ஒன்று.
மகள் ஜெபஷைனிக்கு மூச்சு இழுத்த ராத்திரி ஒன்று.
மூன்றாவதை நீர் கணக்கில் எடுத்திருக்கமாட்டீர்,
குடித்திருந்தேன்.
ஒன்றும் அடுத்த வெள்ளியைத் தாண்டவில்லை.

எடவப்பாதி மழை.
வெட்டு இல்லாத நாலாம் நாள் போனேன்.
டீச்சர் மரச்சீனி உரித்துக்கொண்டிருந்தார்கள்.
ரெண்டு வருஷத்தையும் சொல்லிவிட்டேன்,
கிலோவும், சுமாராய்.
கத்தி நிற்கவில்லை.
"சுமாரா சொல்லாத, யோபுதாசா.
முந்நூத்திப் பன்னிரண்டு.
ரெண்டாம் வாரமே எனக்குத் தெரியும்."

அப்போது ஏன் என்று கேட்க
நாக்கு எழும்பவில்லை.
வெளுப்பாங்காலம் மதிலில் மூடி வைத்திருக்கும்
கருப்பட்டிக் காப்பி ஞாபகம் வந்தது.
இந்த ரெண்டு வருஷமும்
ஒருநாள்கூட அது ஆறியிருந்ததில்லை.

"சம்பளத்தில மாசம் இருநூறு பிடிப்பேன்."
கிழங்கைத் தண்ணீரில் போட்டார்கள்.
"நாளைக்கு மழை இல்லேன்னா வா."

அவ்வளவுதான்.
தலையில் கை வைக்கவில்லை. ஜெபம் பண்ணவில்லை.
பிரசங்கத்தில் தகப்பன் ஓடி வருவார்,
கன்று அடிப்பார்கள், மேளம் கேட்கும்.
எனக்கு மாசம் இருநூறும்
மழை இல்லாத ஒரு நாளும்.

இதோடு நிறுத்தினால் இது சாட்சி.
டீக்கன் மைக்கை நீட்டிவிடுவார்.

நேற்று வியாழன்.
பனச்சமூடு வரை நடந்தேன்.
ரோட்டைத் தாண்டினேன்.
ஒரு சீட்டு. என் சொந்தக் காசுதான்,
அதைச் சொல்லி உம்மிடம் தப்பப் பார்க்கவில்லை.
"கொறே நாளாச்சே," என்றார் கடைக்காரர்.
நீர் அதுகூடக் கேட்கவில்லை.
திரும்பி வரும் வழியெல்லாம் கூடவே நடந்தீர் என்று
அடித்துச் சொல்லமாட்டேன்.
செருப்புச் சத்தம் ஒன்றுதான் கேட்டது.
ஆனால் பயமாக இல்லை,
வெட்கமாக இருந்தது. அது எனக்குப் புதுசு.

இப்போது நாலு மணி. வானம் மூடவில்லை.
எழுபத்தெட்டாவது நான் கெடுத்த மரம்.
போதையில் ஆழம் தெரியாமல் இறக்கி
தடியைத் தொட்டுவிட்ட கை இது.
பட்டை முண்டும் முடிச்சுமாய் ஆறியிருக்கிறது.
காய்ந்த வாலை இழுத்துச் சாக்கில் போடுகிறேன்.
எடை போட்டு நோட்டில் எழுத வேண்டும்,
நோட்டை என்னிடமே தந்திருக்கிறார்கள்.
கத்தி நேரே ஓடவில்லை.
முடிச்சைச் சுற்றி, வளைந்து வளைந்து வெட்டுகிறேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, வந்துவிட்டது.

சிரட்டையை நிமிர்த்தி வைக்கிறேன்.
மேலே, மதில் பக்கம்,
டம்ளரை மூடும் சத்தம்.